'ஜீரோ டார்க் தர்ட்டி' பிடித்தும் உறுத்துகிறதே, ஏன்?

கேள்வி இதுதான்: "பின்லேடன் வேட்டையைப் பற்றிய 'ஜீரோ டார்க் தர்ட்டி' படத்தைப் பார்த்தேன். கடைசி அரை மணி நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை. ஆனால் ஆரம்பத்தில் வரும் சித்திரவதைக் காட்சிகள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. படம் சொல்வது உண்மைதானா? எங்கள் கல்லூரித் திரைப்படக் குழுவில் இதைப் போடலாமா?"

உங்களுக்குப் பிடித்ததும் சரி, உறுத்தியதும் சரி. 2012 டிசம்பரில் படம் வெளிவந்தபோது உலகம் முழுவதும் பார்த்தவர்களுக்கும் இதேதான் நேர்ந்தது. ஒரே விமர்சகர் ஒரே கட்டுரையில் அந்த ஆண்டின் சிறந்த படம் என்றும், தார்மீக ரீதியில் ஆபத்தான படம் என்றும் எழுதினார். நான் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவன். அதன் பின்னணியைப் பற்றிப் பொதுவெளியில் வந்த ஆவணங்களையும் படித்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் வரும் சம்பவங்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவத்தில் நடந்தவைதான். கோளாறு அவற்றை அடுக்கிய வரிசையில் இருக்கிறது. சினிமாவில் இரண்டு காட்சிகள் அடுத்தடுத்து வந்தால், முதலாவதால்தான் இரண்டாவது நடந்தது என்று நம் மனம் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இந்தப் படம் சறுக்குவது அந்த முடிச்சில்தான்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு ஒசாமா பின்லேடனை அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. பத்து ஆண்டுகள் தேடியதும், 2011 மே 2 அன்று பாகிஸ்தானின் அபோட்டாபாத் நகரில் கடற்படை கமாண்டோக்கள் அவரைச் சுட்டுக் கொன்றதும் கதை. இயக்கம் கேத்ரின் பிக்லோ, திரைக்கதை மார்க் போல். மாயா என்ற சி.ஐ.ஏ. பெண் அதிகாரியாக ஜெசிக்கா சாஸ்டெய்ன் நடித்திருக்கிறார். பிக்லோவும் மார்க் போலும் முதலில் எழுதிக்கொண்டிருந்தது 2001 டிசம்பரில் தோரா போரா மலைகளில் பின்லேடன் தப்பிப்போன கதையை. பிடிபடாத மனிதனைப் பற்றிய படம் அது. மே 2 செய்தி வந்ததும் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தார்கள். சம்பவம் நடந்து இருபது மாதங்களுக்குள் படம் திரைக்கு வந்துவிட்டது. இந்த அவசரம் படத்தின் பலத்திலும் தெரியும், பலவீனத்திலும் தெரியும்.

பலத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கடைசி அரை மணி நேரம் போல ஒரு ராணுவ நடவடிக்கையைத் திரையில் காட்டிய படங்கள் மிகச் சில. அபோட்டாபாத் வீட்டை ஜோர்டானில் முழு அளவில் கட்டியே எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் கிரெக் ஃப்ரேசர் நிலவில்லாத இரவை நிலவில்லாத இரவாகவே விட்டிருக்கிறார். பாதி நேரம் கமாண்டோக்களின் இரவுக் கண்ணாடி காட்டும் பச்சை நிறம், மீதி நேரம் கிட்டத்தட்ட இருட்டு. இசை அநேகமாக இல்லை. கதவில் வெடி வைக்கிறார்கள், வெடிக்கவில்லை என்றால் வேறு வழி தேடுகிறார்கள். மாடிப்படியில் ஏறும்போது ஒரு கமாண்டோ மேலே இருப்பவனை அவன் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுகிறான்: "காலித்..." தன் பெயரைக் கேட்டு எட்டிப் பார்க்கும் இளைஞன் அங்கேயே விழுகிறான். அவன் பின்லேடனின் மகன். கொல்லப் போகிறவன் அவ்வளவு மென்மையாகக் கூப்பிடும் அந்தக் குரலை மறக்க முடியாது.

வீரவசனம் பேசி எடுத்திருக்கக்கூடிய இடம் அது. பிக்லோ அப்படிச் செய்யவில்லை. கீழே விழுந்துவிட்ட உடல்களை இன்னொரு முறை சுடுகிறார்கள். பெண்கள் அலறுகிறார்கள், குழந்தைகள் அழுகிறார்கள். அந்தக் குழந்தைகளில் ஒரு சிறுமியிடமே இறந்தவர் யார் என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். பின்லேடனின் முகத்தைப் படம் சரியாகக் காட்டவே இல்லை. அவரைச் சுட்டவன் திகைத்து நிற்கிறான்.

நிஜத்தோடு ஒப்பிட்டால் இந்தப் பகுதி பெருமளவு பொருந்துகிறது. ஆப்கானிஸ்தானின் ஜலாலாபாத்திலிருந்து ரேடாரில் எளிதில் சிக்காதபடி மாற்றியமைக்கப்பட்ட இரண்டு பிளாக் ஹாக் ஹெலிகாப்டர்கள் கிளம்பின. 'சீல்' எனப்படும் கடற்படை கமாண்டோக்கள் 23 பேர், ஒரு மொழிபெயர்ப்பாளர், கெய்ரோ என்ற நாய். தரையில் ஏறக்குறைய 40 நிமிடங்கள். இறந்தவர்கள் ஐந்து பேர்: பின்லேடன், மகன் காலித், பின்லேடனின் செய்திகளை வெளியே கொண்டுபோகும் தூதராக இருந்தவர், அவருடைய சகோதரர், அந்தச் சகோதரரின் மனைவி. ஒரு ஹெலிகாப்டர் வளாகத்துக்குள் இறங்கும்போது நிலைகுலைந்து விழுந்ததும் உண்மை. படம் அதன் காரணத்தை விளக்குவதில்லை. அமெரிக்காவில் ஒத்திகை பார்த்த மாதிரி வளாகத்தில் சுற்றுச்சுவருக்குப் பதில் கம்பிவலை வேலி போட்டிருந்தார்கள். ஹெலிகாப்டரின் காற்று அதன் வழியாக வெளியே போய்விட்டது. அபோட்டாபாத்தில் இருந்தது 12 முதல் 18 அடி உயரக் கெட்டிச் சுவர். கீழே அடித்த காற்று வெளியேற வழியில்லாமல் சுழன்று மேலே வந்து, இறக்கைகளின் பிடிமானத்தைக் கெடுத்துவிட்டது. அத்தனை மாதத் திட்டத்தில் ஒரு வேலி செய்த வேலை அது. கடைசிக் குண்டைச் சுட்டவர் யார் என்பதில் அங்கே போனவர்களே பிறகு வேறுவேறு விதமாகச் சொன்னார்கள். படம் அந்தச் சண்டைக்குள் போகாமல் விட்டது நல்ல முடிவு.

சரி, உங்களை உறுத்திய முதல் பகுதிக்கு வருவோம். நான் அதிகம் பேச நினைப்பதும் அதைப் பற்றித்தான்.

படம் கருப்புத் திரையில் தொடங்குகிறது. செப்டம்பர் 11 அன்று சிக்கிக்கொண்டவர்கள் கடைசியாகப் பேசிய உண்மையான தொலைபேசிக் குரல்கள் கேட்கின்றன. இறந்தவர்களின் குடும்பத்தாரில் சிலர், தங்களிடம் அனுமதி கேட்கவில்லை என்று பின்னர் வருத்தத்தோடு சொன்னார்கள். அந்தக் குரல்கள் அடங்கியதும் அடுத்த காட்சியில் ஒரு கைதி கயிற்றில் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறான். வரிசையின் வேலை இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. எரியும் கட்டடத்திலிருந்து உதவி கேட்டு அழும் பெண்ணின் குரலைக் காதில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கைதியைப் பார்க்கிறோம். அவன் மேல் நமக்கு வரவேண்டிய இரக்கம் பாதியாவது அங்கேயே தீர்ந்துபோகிறது.

கைதியின் பெயர் அம்மார். அவன் கற்பனைப் பாத்திரம், பலரைச் சேர்த்து உருவாக்கியது. டான் என்ற அதிகாரி அவனை என்னவெல்லாம் செய்கிறான் என்று நீங்கள் பார்த்தீர்கள். முகத்தில் துணி போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, கழுத்தில் நாய்ப்பட்டை கட்டி இழுப்பது, ஒரு சின்னப் பெட்டிக்குள் அடைப்பது, நாள்கணக்கில் தூங்கவிடாமல் வைப்பது. தண்ணீர் எடுத்துக்கொடுப்பது மாயாதான். இவ்வளவு செய்தும் அவன் சொல்லவில்லை. தடுக்க நினைத்த தாக்குதல் சவூதியில் நடந்தே விடுகிறது. அதன் பிறகு மாயாவும் டானும் ஒரு தந்திரம் செய்கிறார்கள். தூக்கமில்லாமல் நினைவு குழம்பியிருப்பவனை வெளியே உட்காரவைத்து, நல்ல சாப்பாடு போட்டு, "நீ ஏற்கெனவே எல்லாம் சொல்லிவிட்டாய், உன்னால்தான் பலர் பிழைத்தார்கள்" என்று நம்பவைக்கிறார்கள். அவன் பேச ஆரம்பிக்கிறான். அபூ அஹ்மத் அல்குவைத்தி என்ற பெயர் அப்போதுதான் வெளியே வருகிறது. பின்லேடனின் தூதரின் பெயர் அது. மீதிப் படம் முழுக்க அந்தப் பெயரின் பின்னால்தான் ஓடுகிறது.

படத்தை ஆதரிப்பவர்கள் இந்தக் காட்சியைத்தான் காட்டுவார்கள்: "பாருங்கள், சித்திரவதை பலிக்கவில்லை, தந்திரமும் நல்ல நடத்தையும்தான் பலித்தன." நியாயமான வாதம் போலத்தான் தெரியும். ஆனால் அதே மேஜையில் நடக்கும் இன்னொன்றைக் கவனியுங்கள். அம்மார் தயங்கும்போது டான், குரலை உயர்த்தாமல், நான் வேறு ஒருவனோடு போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம், உன்னை மறுபடியும் கூரையில் தொங்கவிடலாம் என்கிறான். அதன் பிறகே வாய் திறக்கிறது. சாப்பாடு வேலை செய்தது கயிற்றின் நினைவால்தான் என்று காட்சி தெளிவாகவே சொல்லிவிடுகிறது.

இதுகூட ஒரு கற்பனைப் பாத்திரம் என்று விட்டுவிடலாம். என்னால் விட முடியாத பாத்திரம் ஹசன் குல். படத்தில் சில நிமிடங்களே வருகிறார், சிறையில் வயதான, களைத்த ஒரு மனிதராக. தன்னை மறுபடி சித்திரவதை செய்ய வேண்டாம், கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று சொல்லி, தூதர் எவ்வளவு முக்கியமானவர் என்பதை உறுதிப்படுத்துகிறார். சித்திரவதை பட்டவன் மனம் உடைந்து உண்மை சொல்கிறான் என்பதுதான் அந்தக் காட்சியின் பொருள்.

ஹசன் குல் நிஜ மனிதர், பின்லேடனின் அல்கொய்தா இயக்கத்தைச் சேர்ந்தவர். 2004 ஜனவரியில் ஈராக்கின் குர்து பகுதியில் பிடிபட்டார். அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் குழு சி.ஐ.ஏ.வின் விசாரணை முறைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதிய அறிக்கையின் சுருக்கம் 2014 டிசம்பர் 9 அன்று வெளியானது. முழு அறிக்கை 6,700 பக்கங்களுக்கு மேல். வெளியானது 500 பக்கத்துக்குச் சற்று அதிகம். அதில் ஹசன் குல் பற்றி இருக்கிறது. தூதரைப் பற்றிக் கைதிகளிடமிருந்து கிடைத்த தகவல்களிலேயே மிகத் துல்லியமானவற்றைச் சொன்னவர் அவர்தான். சொன்னது பிடிபட்ட சில நாட்களில், கடுமையான முறைகளை அவர்மேல் கையாளும் முன்பு. அவர் பிடிபட்டதிலிருந்தே தாராளமாகப் பேசினார் என்று ஒரு சி.ஐ.ஏ. அதிகாரியே பதிவுசெய்திருக்கிறார். அதற்கு அப்புறமும் அவரை ரகசியச் சிறைக்குக் கொண்டுபோய்த் தூங்கவிடாமல் நிறுத்திவைத்தார்கள். தூதரைப் பற்றி அதில் பயனுள்ள புதிய தகவல் எதுவும் வரவில்லை.

நிஜத்தில் முதலில் தகவல், பிறகு சித்திரவதை. படத்தில் முதலில் சித்திரவதை, பிறகு தகவல். ஆள் அதே ஆள், பெயர் அதே பெயர், தகவலும் அதே தகவல். வரிசையை மட்டும் திருப்பிவைத்தால் கதை நேர் எதிரான ஒன்றைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறது.

மிகக் கடுமையாக வதைக்கப்பட்டவர்கள் சொன்னது என்ன என்பதையும் பாருங்கள். செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்ட காலித் ஷேக் முகமதுவின் முகத்தில் 2003 மார்ச் மாதம் மட்டும் 183 முறை தண்ணீர் ஊற்றினார்கள். அபூ அஹ்மத் இயக்கத்திலிருந்து ஒதுங்கிவிட்டவன் என்று அவர் சொன்னார். அது பொய். 2005-இல் பிடிபட்ட அல்கொய்தா தலைவர்களில் ஒருவரான அபூ ஃபராஜ் அல்லிபி அப்படி ஒருவனைத் தெரியவே தெரியாது என்றார். அதுவும் பொய். இவர்கள் இவ்வளவு மறைக்கிறார்கள் என்றால் அந்த ஆள் முக்கியமானவன்தான் என்று சி.ஐ.ஏ. ஊகித்தது உண்மை. ஆனால் அது சித்திரவதை உண்மையைக் கறந்த கதை ஆகாது. கடைசியில் தூதர் சிக்கியது, அவருடைய உண்மையான பெயரைக் கண்டுபிடித்து, 2010-இல் ஒரு தொலைபேசி உரையாடலை ஒட்டுக்கேட்டு, அவருடைய வண்டியைத் தொடர்ந்து போனதால். இந்தப் பகுதியைப் படமும் நன்றாகவே காட்டுகிறது. ராவல்பிண்டியின் நெரிசலில் ஒரு கைபேசியின் அலைவரிசையைத் துரத்திக்கொண்டு வேனில் சுற்றுவார்களே, அந்த அலைச்சல்தான் உளவு வேலையின் உண்மையான முகம். கோப்புகளுக்குள் தொலைந்துபோன ஒரு பழைய தகவலை ஒரு இளம் அதிகாரி மாயாவிடம் கொண்டுவந்து கொடுக்கும் காட்சியும் அப்படியே. படத்திலேயே விடை இருக்கிறது. ஆனால் முதல் நாற்பது நிமிடங்கள் மனதில் போட்ட முடிச்சை அது அவிழ்ப்பதில்லை.

"2014-இல் வந்த அறிக்கையை வைத்து 2012-இல் வந்த படத்தைக் குறை சொல்லலாமா?" என்று நீங்கள் கேட்கலாம். படம் வெளியான 2012 டிசம்பர் 19 அன்றே செனட் உறுப்பினர்கள் டயான் ஃபைன்ஸ்டைன், கார்ல் லெவின், ஜான் மெக்கெய்ன் மூவரும் படத்தை வெளியிட்ட சோனி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார்கள், படம் உண்மைக்கு மிகவும் புறம்பானது, தவறாக வழிநடத்துவது என்று. மெக்கெய்ன் வியட்நாமில் போர்க்கைதியாகச் சித்திரவதை அனுபவித்தவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து சி.ஐ.ஏ.வின் தற்காலிக இயக்குநர் மைக்கேல் மோரல் தன் ஊழியர்களுக்கு எழுதிய செய்தியில், அந்த முறைகள்தான் பின்லேடனைக் கண்டுபிடிக்கத் திறவுகோலாக இருந்தன என்ற எண்ணத்தைப் படம் வலுவாக ஏற்படுத்துகிறது, அந்த எண்ணம் தவறு என்றார். அந்த முறைகளுக்கு உள்ளான கைதிகளிடமிருந்தும் சில தகவல்கள் வந்தன, ஆனால் வேறு பல வழிகளும் இருந்தன என்றும் சேர்த்தே சொன்னார். அதையும் மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

பிக்லோ 2013 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் இதழில் பதில் எழுதினார். ஒன்றைச் சித்திரிப்பது அதை ஆதரிப்பது ஆகாது என்பதே அவருடைய வாதம். அந்த வாதத்தோடு நான் முழுக்க உடன்படுகிறேன். சித்திரவதைக் காட்சிகளே இல்லாமல் இந்தப் படத்தை எடுத்திருந்தால் அதுதான் பெரிய பொய்யாக இருந்திருக்கும். அமெரிக்க அரசு அதைச் செய்தது. ரகசியச் சிறைகளை நடத்தியது. சட்ட அறிக்கை எழுதி அனுமதியும் கொடுத்தது. அதை மூடி மறைக்காமல் பார்வையாளரை உட்காரவைத்துக் காட்டியதற்காக பிக்லோவைப் பாராட்டவே வேண்டும். டான் தன் கூண்டுக் குரங்குகளுக்கு அன்பாகத் தீனி ஊட்டும் காட்சி இருக்கிறதே, அதை வெறும் பிரச்சாரகர் எடுத்திருக்க மாட்டார். என் குறை காட்டியதில் இல்லை. காட்டியதற்கும் கிடைத்த தகவலுக்கும் நடுவே போட்ட கோட்டில்தான் குறை. அந்தக் கேள்விக்கு அவருடைய கட்டுரை பதில் சொல்லவில்லை.

கூடவே, படம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதையும் பார்க்க வேண்டும். உண்மைச் சம்பவங்களை நேரில் அனுபவித்தவர்களின் வாக்குமூலங்களை அடிப்படையாகக் கொண்டது என்று முதல் எழுத்திலேயே அறிவிக்கிறது. அப்படிச் சொன்ன பிறகு, 'இது வெறும் சினிமாதானே' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த நேரில் அனுபவித்தவர்கள் யார்? சி.ஐ.ஏ.வினர். 2011 ஜூனில் அந்த நிறுவனத்தின் தலைமையகத்தில் நடந்த பாராட்டு விழாவுக்குள் திரைக்கதையாசிரியர் மார்க் போல் போய்வந்திருக்கிறார். அது பின்னர் விசாரணைக்கும் ஆளானது. 2013-இல் வெளியான ஒரு சி.ஐ.ஏ. குறிப்பிலிருந்து, அவர்கள் சொன்னதற்கிணங்கத் திரைக்கதையில் செய்யப்பட்ட மாற்றங்கள் தெரியவந்தன. விசாரணையில் கைதியை நாயைக் காட்டி மிரட்டும் காட்சி போனது. ஓர் அதிகாரி குடித்துவிட்டு வானத்தை நோக்கிச் சுடும் காட்சி போனது. மாயாவே கைதியின் முகத்தில் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தது மாறியது. நாய் போய்விட்டது, நாய்ப்பட்டை மட்டும் படத்தில் மிஞ்சியிருக்கிறது.

பிக்லோவும் போலும் விலைபோய்விட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ரகசிய நிறுவனம் ஒன்று கதவைத் திறந்துவிட்டால், திறந்த அறையில் இருப்பதைத்தான் நாம் பார்ப்போம். விசாரணை செய்தவர்கள் தாங்கள் செய்தது வீண் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்கள். அவர்களின் நிம்மதியே அதில்தான் இருக்கிறது. அவர்களிடம் மட்டும் கேட்டு எழுதினால் கதை அவர்கள் நினைவுபடுத்திக்கொண்ட வரிசையில்தான் வரும். பத்திரிகையாளராக இருந்து வந்த மார்க் போல் இதை நிச்சயம் அறிந்திருப்பார். அதனால்தான் எனக்கு வருத்தம் கூடுதல்.

ஒரு சின்ன விஷயம். மாயா பழைய விசாரணைப் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் காட்சிகள் வருகின்றன. நிஜத்தில் சி.ஐ.ஏ. இரண்டு கைதிகளின் விசாரணையைப் பதிவுசெய்திருந்த 92 ஒளிநாடாக்களை 2005-இல் அழித்துவிட்டது. அழிக்க உத்தரவிட்டவர்மேல் வழக்கு வரவில்லை. ஆனால் 2007-இல் தொலைக்காட்சியில் இந்தத் தண்ணீர் வதையைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய முன்னாள் அதிகாரி ஜான் கிரியாகூவுக்கு, ரகசிய அதிகாரி ஒருவரின் பெயரைப் பத்திரிகையாளரிடம் சொன்ன குற்றத்துக்காக 30 மாதச் சிறைத்தண்டனை விதித்தார்கள். அது 2013 ஜனவரியில், இந்தப் படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருந்தபோது.

பாகிஸ்தானைக் காட்டிய விதத்துக்கு அதிக இடம் தரப்போவதில்லை. லாகூர், அபோட்டாபாத் தெருக்களாக நாம் பார்ப்பதில் பெரும்பகுதி சண்டிகர். உருது பெயர்ப்பலகைகளை மாட்டிப் படமெடுத்தபோது, தங்கள் ஊரைப் பாகிஸ்தானாகக் காட்டுவதா என்று அங்கே சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும் நடந்தது. பாகிஸ்தான் பார்வையாளர்களின் குறை வேறு: உருதுவும் பஷ்தோவும் ஹிந்த்கோவும் பேசும் மண்ணில் ஆட்கள் அரபியில் பேசுகிறார்களே என்று கேட்டார்கள். இத்தனை கோடி செலவில், ஒரு கதவின் தாழ்ப்பாளைக்கூடச் சரியாகச் செய்தவர்கள், மொழியில் அந்த அக்கறையைக் காட்டவில்லை. நியாயமான கோபம்தான்.

ஆனால் தடுப்பூசி விவகாரத்தை அப்படிச் சுருக்கமாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குள் இருப்பவர் யார் என்று தெரிந்துகொள்ள, ஒரு மருத்துவரைத் தடுப்பூசி போடுவதுபோல அனுப்புகிறார்கள் என்று படத்தில் போகிறபோக்கில் ஒரு காட்சி வருகிறது. முயற்சி பலிக்காமல் கதை அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. நிஜத்தில் அந்த மருத்துவர் ஷகீல் அஃப்ரிதி. நடத்தியது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முகாம். படத்தில் அது போலியோ என்று வருகிறது. சாதாரண மாற்றம் போலத் தோன்றும். ஆனால் போலியோ இன்னும் ஒழியாத மிகச் சில நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று. வீடு வீடாகச் சொட்டு மருந்து எடுத்துப்போகும் பெண்களை உளவாளிகள் என்று ஆயுதக்குழுக்கள் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. 2012 டிசம்பரில், படம் அமெரிக்காவில் வெளியான அதே வாரத்தில், கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் போலியோ பணியாளர்கள் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள். 2014-இல் பாகிஸ்தானில் போலியோ தாக்கியவர்களின் எண்ணிக்கை 306 ஆக உயர்ந்தது. இதற்கு அபோட்டாபாத் தடுப்பூசி நாடகம் ஒன்றே காரணமில்லை. பாகிஸ்தானின் வஜீரிஸ்தான் பகுதியில் தடுப்பூசிக்கே தடை போட்டிருந்தார்கள், போரும் நடந்துகொண்டிருந்தது. என்றாலும் அவநம்பிக்கைக்கு ஒரு கைப்பிடியை அந்த நாடகம் கொடுத்துவிட்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரக் கல்லூரிகளின் தலைவர்கள் 2013 ஜனவரியில் ஒபாமாவுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்கள். இனி தடுப்பூசித் திட்டங்களை உளவுக்குப் பயன்படுத்துவதில்லை என்று சி.ஐ.ஏ. முடிவெடுத்திருப்பதாக வெள்ளை மாளிகை 2014 மே மாதம் பதில் அனுப்பியது. அஃப்ரிதிக்கு 2012 மே மாதமே பாகிஸ்தானில் 33 ஆண்டுத் தண்டனை விதித்துவிட்டார்கள். வேட்டையின் விலை என்ன என்று கேட்கும் படம் என்றால் இதையும் கேட்டிருக்க வேண்டும். இந்தப் படம் அந்தக் கேள்வியை மாயாவின் மனத்துக்குள் மட்டுமே கேட்கிறது.

அதை அழகாகவே கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மேலதிகாரியின் கண்ணாடிச் சுவரில் தினமும் சிவப்பு மையில், வீட்டைக் கண்டுபிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணை அழித்து அழித்து எழுதுகிறாளே, ஒரு அலுவலகத்தின் மந்தத்தையும் ஒரு பெண்ணின் பிடிவாதத்தையும் சொல்ல அதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. பின்லேடன் அங்கே இருப்பதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று கேட்கும்போது மற்றவர்கள் அறுபது என்று இழுக்க, அவள் நூறு என்கிறாள். நிஜத்தில் இது ஒருவரின் வேலையில்லை. 1990-களிலிருந்தே இந்தத் தேடலில் இருந்த ஒரு குழு, அதிலும் பல பெண் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த வேலை. 2009 டிசம்பர் 30 அன்று ஆப்கானிஸ்தானின் கோஸ்ட் பகுதியிலிருந்த சி.ஐ.ஏ. முகாமில் ஒரு ஜோர்டானிய மருத்துவர் தற்கொலைத் தாக்குதல் நடத்தியதில் ஏழு சி.ஐ.ஏ.வினர் இறந்தார்கள், அவர்களில் ஒருவரின் சாயல்தான் படத்தில் மாயாவின் தோழி. பலரை ஒரு மாயாவாக்கியது திரைக்கதைக்குத் தேவை என்று ஏற்றுக்கொள்கிறேன். எல்லாம் முடிந்து காலியான விமானத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருக்க, எங்கே போக வேண்டும் என்று விமானி கேட்கிறார். அவளிடம் பதில் இல்லை, அழுகிறாள். வெற்றிக் கொண்டாட்டமாக முடிக்க அத்தனை வசதியும் இருந்தும் அப்படி முடித்த இயக்குநரை என்னால் பிரச்சாரகர் என்று தள்ளிவிட முடியவில்லை.

விருதுகளிலும் இந்த இரண்டு மனம் தெரிந்தது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். இயக்குநருக்குப் பரிந்துரை இல்லை. கிடைத்தது ஒலித்தொகுப்புக்கான விருது மட்டும், அதையும் இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது.

கல்லூரியில் போடலாமா என்றால், தாராளமாகப் போடுங்கள். அடிபடும் காட்சிகள் கடுமையானவை என்று முன்கூட்டியே சொல்லி, எழுந்து போக விரும்புபவர்களை விட்டுவிடுங்கள். படத்துக்கு முன்னால் பேச்சு எதுவும் வேண்டாம், முன்முடிவோடு பார்ப்பார்கள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பின்லேடன் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" ஆளுக்கொரு காகிதத்தில் இரண்டு வரி எழுதட்டும். எத்தனை பேர் அம்மாரிடமிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்று பாருங்கள். அதன் பிறகு செனட் அறிக்கையில் ஹசன் குல் பற்றி வரும் பக்கங்களை மட்டும் சத்தமாக வாசியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிறகு அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சியை மட்டும் இன்னொரு முறை போடுங்கள். விவாதத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்; படம் 157 நிமிடம், அதனால் மதியமே ஆரம்பித்துவிடுவது நல்லது.